கட்டு காயும்வரை பதில் கிடையாது

தில்லை நகரில் எலும்பு டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எங்கள் கிளினிக்கில் மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கே நாற்காலிகள் நிரம்பிவிடும். பாதிப் பேர் டாக்டருக்காக வருகிறார்கள், மீதிப் பேர் மாவுக்கட்டு பாய்க்காக வருகிறார்கள். டாக்டர் எதிரில் இதை நான் சொல்ல மாட்டேன். டோக்கன் கொடுப்பவள் என்பதால் எனக்கு உண்மை தெரியும். என் பெயர் அறிவுமதி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், எங்கள் கிளினிக்கில் அறிவெல்லாம் கட்டுப் போடும் அறையில்தான் இருக்கிறது.

மாவுக்கட்டு பாய் என்று ஊரே கூப்பிடும் அவருடைய பெயர் முஜிபுர் ரஹ்மான். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் மருந்துக் கம்பெனி கொடுத்த சின்ன டைரி ஒன்று இருக்கும். மாவுத் துணியைத் தண்ணீரில் நனைத்துக் கையிலோ காலிலோ சுற்றிவிட்ட பிறகு, அது இறுகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் ஆடாமல் இருக்க வேண்டும். ஆடினால் கட்டு விரியும், உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். மற்ற இடங்களில் ஆடாதே, அசையாதே என்று அதட்டுவார்கள். பாய் அதட்ட மாட்டார். ஒரு கேள்வி கேட்பார்.

“சார், ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?”

“ஒண்ணுதானே?”

“யோசிங்க.”

“ரெண்டா?”

“அவசரமில்லை. கட்டு காயட்டும்.”

கட்டு காயும்வரை பதில் கிடையாது. என்ன கெஞ்சினாலும் கிடையாது. கை ஒடிந்தவர் வலியை மறந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, ஆக்டோபஸின் இதயத்தை எண்ணியபடி சிலைபோல உட்கார்ந்திருப்பார். பாய் கடைசியில் விரல் முட்டியால் கட்டைத் தட்டிப் பார்ப்பார். டொக் டொக்கென்று கேட்டால்தான் வாய் திறக்கும். “மூணு.”

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. பிடிக்காது என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வந்தேன். ஒருநாள் கூட்டம் தாங்காமல் உள்ளே போய்ச் சத்தம் போட்டேன்.

“பாய், வெளிய நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. நீங்க கடலுக்குள்ள என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?”

“மதிம்மா, சுறாவுக்கு ஒரு எலும்புகூடக் கிடையாது. எல்லாம் குருத்துதான். நம்ம டோக்கன் அதுக்குத் தேவைப்படாது,” என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். கோபத்தோடு உள்ளே போனவள் கோபத்தோடுதான் திரும்பி வந்தேன், ஆனால் எதற்குப் போனேன் என்பது மறந்துவிட்டது.

ஆளைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார். காந்தி மார்க்கெட் வாழைத்தார் வியாபாரி ஒருவரிடம், வாழை என்பது மரமே இல்லை, அது தண்டு கட்டையாகாத ஒரு பூண்டு வகை என்று சொல்லிவிட்டார். “முப்பது வருஷமா நான் என்ன பூண்டா வித்துக்கிட்டிருக்கேன்?” என்று அவர் சண்டைக்கு வந்தார். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய முந்நூறு எலும்பு, வளர வளரப் பல ஒன்றோடொன்று சேர்ந்து இருநூற்றாறு ஆகும் என்பது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு. கட்டு சுடுகிறது என்று பயப்படுகிறவர்களுக்கு, மாவு இறுகும்போது சூடாகும் என்று சொல்லிவிட்டு, பாரிஸ் நகரத்தின் பெயரை வைத்திருக்கும் இந்த மாவுக்கான கல் நம் பெரம்பலூர்ப் பக்கம் காரை கிராமத்திலும் கிடைக்கிறது, ஒருகாலத்தில் அங்கெல்லாம் கடல் இருந்தது என்பார். ஊர்க்காரர்களுக்கு அதில் தனி சந்தோஷம்.

பாய் பாலக்கரையில் பிறந்தவர். பத்தாவதோடு படிப்பு நின்றது. அப்புறம் ஆறு வருடம் சின்னையா என்பவரின் பழைய பேப்பர் கடையில் வேலை. கட்டுக் கட்டாக வரும் பத்திரிகைகளைப் பிரித்து அடுக்க வேண்டும். பாய் அடுக்கியதைவிடப் படித்தது அதிகம். “இவன் ஒரு நாளைக்கு ஒரு கிலோ படிக்கிறான்” என்று சின்னையா புலம்புவாராம். அந்தக் காலப் பத்திரிகைகளில் ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு பகுதி வரும். கேள்வி இந்தப் பக்கத்தில் இருக்கும், பதில் வேறு பக்கத்தில் இருக்கும். அந்த வேறு பக்கம் எங்காவது டீக்கடையில் வடை மடிக்கப் போயிருக்கும். வெள்ளி கிரகத்தில் நாள் பெரியதா வருடம் பெரியதா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க இரண்டு வருடம் ஆனதாகப் பாய் சொல்வார். நாள்தான் பெரியது. பதில் தெரியாமல் காத்திருக்கும்போது பசிகூடத் தெரியாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

பிறகு ஷார்ஜாவில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனார். அங்கே கட்டுப் போடும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் இவர் கை சுத்தத்தைப் பார்த்து வேலை கற்றுக்கொடுத்தார். ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்து எங்கள் டாக்டரிடம் சேர்ந்தார். கடையில் கிழித்து வைத்த பக்கங்களை ஷார்ஜாவுக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். அவர் மனைவி சுராயா என்னிடம் ஒருமுறை சொன்னார்: “வீட்டுல உப்பு தீந்துபோனது தெரியாதுக்கா இந்த மனுஷனுக்கு. ஒட்டகச்சிவிங்கி கழுத்துல மனுஷனுக்கு இருக்கிற மாதிரியே ஏழு எலும்புதான்னு மட்டும் தெரியும்.”

கேள்வியாகக் கேட்காமல் பாய் எல்லோருக்கும் சும்மா கொடுத்த ஒரே ஒரு விஷயம் உண்டு. அது கட்டுப் பிரிக்கும் நாளுக்கானது. கட்டை வெட்டி எடுத்ததும் உள்ளிருந்து வரும் கை வெளுத்து, மெலிந்து, யாருடைய கையோ போல இருக்கும். ஆட்கள் அதைத் தூக்கவே பயப்படுவார்கள். அப்போது பாய் அந்தக் கையைத் தன் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு சொல்வார்: “பயப்படாதீங்க. ஒடிஞ்சு கூடின எலும்பு முன்னைவிடக் கெட்டி. அதே இடத்துல மறுபடி ஒடியாது.” அழுதுகொண்டு வந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

போன மாசியில் ஸ்ரீரங்கத்திலிருந்து மணவாளன் என்பவர் வந்தார். நாற்பத்தைந்து வயது, நல்ல உயரம், நெற்றியில் திருமண். பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் அவர் ஒருவர். நடக்கிற நடை பிசகாமல், பல்லக்கு குலுங்காமல் போக வேண்டும். சிறு வயதிலிருந்து பழகிய தோள் அது. மாம்பழச்சாலை பக்கம் நாய் குறுக்கே வந்து, வண்டியிலிருந்து விழுந்து, வலது தோள்பட்டையின் காறை எலும்பு ஒடிந்துவிட்டது. அதற்கு மாவுக்கட்டு கிடையாது. எட்டுப் போல முதுகைச் சுற்றி ஒரு பட்டை போட்டு இழுத்துக் கட்ட வேண்டும்.

பாய் பட்டையை இழுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். இருநூறு வருடத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக, நியூசிலாந்தில் ஒரு பாதிரியார் அங்குள்ள பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார், அது என்ன பாத்திரம்? மணவாளன் குண்டான், உருளி, அண்டா என்று என்னென்னவோ சொன்னார். பட்டையைக் கட்டி முடித்த பிறகு பாய் பதில் சொன்னார்: அது ஒரு கப்பல் மணியின் உடைந்த மேல்பாதி, அதில் தமிழ் எழுத்தில் முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருந்தது. மணவாளன் நம்பவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெண்ணின் செல்போனில் தேடிப் பார்த்தார். அடுத்த வாரம் பட்டையைச் சரிபார்க்க வந்தபோது பாயை வணங்காத குறை.

அதிலிருந்து வாரம் ஒன்று. ஒவ்வொன்றையும் வீட்டில் போய்ச் சோதிப்பார், ஒவ்வொன்றும் சரியாக இருக்கும். காலையில் மனிதன் சாயங்காலத்தைவிட ஒரு சென்டிமீட்டர் போல உயரம் அதிகம் என்று சொன்னதைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்தே பார்த்துவிட்டார். பங்குனி கடைசியில் பட்டையை எடுத்தார்கள். ஆனி வரைக்கும் தோளில் பாரம் ஏற்றக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வெளியே வந்த மணவாளனின் தோளைத் தொட்டுப் பாய் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்துத்தான் விஷயம் உடைந்தது. புதிதாக வந்திருக்கும் சின்ன டாக்டர் கனிஷ்காவுக்கு இருபத்தெட்டு வயது. கட்டு அறையைத் தாண்டிப் போனவர் பாய் யாரிடமோ அதையே சொல்வதைக் கேட்டு நின்றார். நோயாளி போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பாய், தப்பா எடுத்துக்காதீங்க. அது உண்மை இல்லை. கூடுற இடத்துல கொஞ்ச நாளைக்கு எலும்பு தடிச்சு நிக்கும். அப்புறம் கரைஞ்சு பழையபடி ஆயிடும். முன்னைவிடக் கெட்டின்னு ஒண்ணும் கிடையாது. முதல் சில மாசம் அதே இடத்துல மறுபடி ஒடியவும் ஒடியலாம்.”

பாய் அன்று வீட்டுக்குப் போய்ப் பழைய பக்கங்களையெல்லாம் பிரித்துத் தேடியிருக்கிறார். மறுநாள் காலையில் அந்த விஷயம் இருந்த காகிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். மஞ்சளாகிப் போன தாள். கடைசி வரியில் இப்படி இருந்தது: ‘ஒடிந்து கூடிய எலும்பு முன்னைவிடக் கெட்டியானது, அதே இடத்தில் மறுபடி ஒடியாது’. முற்றுப்புள்ளி இல்லை. பக்கம் அங்கே முடிந்துவிட்டது.

“அடுத்த பக்கத்துல ‘என்று நினைப்பது தவறு’ன்னு இருந்திருக்கும் மதிம்மா. இத்தனை வருஷமா அரை வாக்கியத்தைச் சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. “போனாப் போகுது பாய். நல்ல வார்த்தைதானே சொன்னீங்க,” என்றேன்.

“இல்லை. திருப்பி வாங்கணும். எல்லார்கிட்டயும்.”

“எல்லார்னா?”

“உங்க ரிஜிஸ்டர்ல போன் நம்பர் இருக்கில்ல?”

அன்று மத்தியானம் சாப்பிடாமல் இரண்டு பேரும் போன் செய்தோம். கடந்த ஒரு வருடத்தில் கட்டுப் பிரித்தவர்கள் முதலில், மற்றவர்கள் அப்புறம் என்று நான்தான் ஒழுங்குபடுத்தினேன். கே.கே. நகர் டீச்சர் வியாகுலம்மாள் பதறிப்போய், “அப்ப ஒட்டகச்சிவிங்கி? அதை நான் கிளாஸ்ல சொல்லிட்டேனே பாய்,” என்றார். ஒட்டகச்சிவிங்கி சரிதான் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து அற்புதசாமி என்பவர் நிதானமாகச் சொன்னார்: “எனக்குப் போன வருஷமே தெரியும் பாய். அதே இடத்துல மறுபடி ஒடிஞ்சுது. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு வேற டாக்டர்கிட்ட போயிட்டேன்.” பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது, வழக்கமாக வருகிற ஒரு நல்ல ஆளை இழந்திருக்கிறோம்.

மணவாளன் வீட்டில் போனை எடுத்தது அவர் மனைவி. “அவர் கூடத்துல தோளுக்குப் பழகிண்டிருக்கார். நாளன்னிக்குப் பெருமாள் புறப்பாடு இருக்கோல்லியோ. டாக்டர் வேண்டாம்னுதான் சொன்னார், ஆனா உங்க பாய் சொல்லிட்டாராமே, எலும்பு முன்னைவிட பலம்னு. அதான் தைரியமா இருக்கார்.”

பாய் என்னைப் பார்த்தார். இதைப் போனில் சொல்ல முடியாது என்று எனக்கே தெரிந்தது. டோக்கன் புத்தகத்தை மூடிப் பூட்டினேன். பன்னிரண்டு வருடத்தில் நான் அரை நாள் லீவு கேட்டது அன்றைக்குத்தான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் பிடித்தோம். காவிரிப் பாலம் தாண்டும்வரை பாய் அந்த மஞ்சள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “தோள் எலும்பு மறுபடி ஒடிஞ்சா அவரால எப்பவுமே தூக்க முடியாமப் போயிடும்,” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அவர் ஒல்லித் தோளைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

கீழ உத்திர வீதியில் வீடு. நாங்கள் வாசலுக்குப் போனபோது மணவாளன் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டிருந்தார். வலது தோளில் இருபது லிட்டர் தண்ணீர் கேன். அடி மேல் அடி வைத்து, உடம்பை லேசாகச் சாய்த்து நிமிர்த்தி நடந்தார். கேனில் தண்ணீர் தளும்பவே இல்லை. அவ்வளவு அழகான நடையை அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

“வாங்கோ பாய், உக்காருங்கோ. பாத்தேளா, துளி வலி இல்லை,” என்றார்.

“சாமி, முதல்ல அதை இறக்குங்க. உங்ககிட்ட ஒண்ணு திருப்பி வாங்கிக்க வந்திருக்கேன்.”

“எதை?”

“நான் கொடுத்த ஒரு விஷயத்தை.”

கேனை இறக்கி வைத்தார். பாய் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, தான் சொன்னது தப்பு, டாக்டர் சொன்னதுதான் சரி, இப்போது பாரம் ஏற்றினால் அதே இடத்தில் ஒடியலாம் என்று முடித்தார். மணவாளன் ஊஞ்சலில் உட்கார்ந்தார். 

“ஆக்டோபஸ்?” என்றார்.

“மூணு இதயம்தான் சாமி.”

“வெள்ளி கிரகம்?”

“நாள்தான் பெருசு.”

“காலைல உயரம் ஜாஸ்தி?”

“நீங்களே கோடு போட்டு அளந்தீங்களே.”

“நியூசிலாந்து மணி?”

“இப்பவும் அந்த ஊர் மியூசியத்துல இருக்கு.”

“அப்போ இது மட்டும் ஏன் பொய்யாப் போச்சு?”

பாய் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். மணவாளன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு பிரஷர் குக்கர் விளம்பரம் இருந்தது.

“அடுத்த பக்கம்?”

“வடை மடிக்கப் போயிருக்கும் சாமி.”

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. “இருபத்திரண்டு வருஷம்,” என்றார் மணவாளன். “காய்ச்சல்ல தூக்கியிருக்கேன். கால்ல முள்ளு ஏறி ரத்தத்தோட தூக்கியிருக்கேன். ஒரு சித்திரை தவறினதில்லை. மத்தவா யாரும் சொல்லியிருந்தா அடியேன் நம்பியிருக்க மாட்டேன், நீங்க சொன்னேளேன்னு நம்பினேன்.” அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாயும் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். மணவாளனின் மனைவி எங்கள் மூன்று பேருக்கும் நீர்மோர் கொண்டுவந்து வைத்தார்.

பாய் மோரைக் குடித்துவிட்டு, கேள்வியாக இல்லாமல் நேராகவே சொன்னார். “இது சின்ன டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தது சாமி. நம்ம உடம்புல இருக்கிற நீளமான எலும்புகள்ல, தாய் வயித்துல இருக்கும்போதே முதல்ல கெட்டிப்பட ஆரம்பிக்கிறது இந்தத் தோள் காறை எலும்புதான். ஆனா மத்ததெல்லாம் முடிஞ்ச பிறகு, இருபத்தஞ்சு வயசு வாக்குல, கடைசியா முடியறதும் இதுதான். எதுக்கும் அவசரப்படாத எலும்பு.”

மணவாளன் தோளைத் தடவிக்கொண்டார். வாசல் வழியாக வெளியே பார்த்தார். ராஜகோபுரம் அங்கிருந்து தெரியாது, ஆனால் அவர் பார்த்த திசை அதுதான்.

“எங்கப்பா சின்ன வயசுல அதை மொட்டைக் கோபுரம்னுதான் சொல்லுவா,” என்றார். “யாரோ ராஜா ஆரம்பிச்சு, பாதியில நின்னு, நானூறு வருஷம் அப்படியே நின்னுண்டிருந்துது. எண்பத்தேழுலதான் முடிஞ்சுது. கோபுரமே நானூறு வருஷம் காத்துண்டிருந்துது. அடியேன் ஒரு உத்ஸவம் காத்துக்கக் கூடாதா?” கேட்டுவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். “நாளன்னிக்குப் பக்கத்துல கைவீசி நடந்து வரேன். தோள் சும்மா இருக்கட்டும்.”

சொன்னபடியே செய்தார். புறப்பாட்டில் அவரைப் பார்த்ததாக எங்கள் நோயாளி ஒருவர் வந்து சொன்னார். அவர் மட்டும் தோளில் ஒன்றுமில்லாமல், மற்றவர்கள் நடைக்கு ஒத்தே நடந்தாராம்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாய் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். கட்டுப் போடுவார், பேசாமல் பக்கத்தில் நிற்பார். ஒரு வாரத்தில் பலன் தெரிந்தது. கிரிக்கெட் விளையாடி மணிக்கட்டை ஒடித்துக்கொண்ட வசீம் என்ற காலேஜ் பையன் ஈரக் கட்டோடு செல்போனை நோண்டி, கட்டு விரிந்து, மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. கூட்டம் தேங்கியது. என்னிடம்தான் எல்லோரும் கத்தினார்கள்.

பொறுக்க முடியாமல் நானே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். திருச்சியில் எத்தனை பஸ் ஸ்டாண்டு என்று ஒரு கண்டக்டரிடம் கேட்டேன். அவர் உடனே விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒடிந்த கையின் விரலைவிட்டு.

“பாய், தயவுசெஞ்சு பேசுங்க,” என்று கேட்டே விட்டேன்.

“ஒண்ணு தப்பாப் போச்சுன்னா எல்லாமே சந்தேகம்தான் மதிம்மா. அடுத்த பக்கம் எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.  அந்த இரண்டு மாதமும் வேலைக்கு வருவதே எனக்குச் சலிப்பாக இருந்தது.

ஆனியில் மணவாளன் வந்தார். எக்ஸ்ரே எடுத்து, டாக்டரும் கனிஷ்காவும் பார்த்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி மெல்ல மெல்லப் பாரம் ஏற்றிப் பழகலாம் என்று சொன்னார்கள். வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கட்டு அறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“டாக்டர் தூக்கலாம்னு சொல்லிட்டார் பாய். நீங்க என்ன சொல்றேள்?”

“நான் என்ன சாமி சொல்றது. டாக்டர் சொன்னாச் சரிதான்.”

“டாக்டர் சொன்னது காதுல விழுந்துது. நீங்க சொன்னாத்தான் தோளுக்குக் கேக்கும்.”

“நான்தான் ஒரு தடவை தப்பாச் சொன்னவனாச்சே.”

“தப்பாச் சொல்றவா ஊருல எத்தனையோ பேர் இருக்கா. சொன்னது தப்புன்னு சொல்றதுக்குப் பஸ் ஏறி வந்தவர் நீங்க ஒருத்தர்தான். அடியேன் இனிமே வேற யாரை நம்பறது?”

பாய் எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கனிஷ்காவைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டார். “தூக்கலாம் சாமி. முதல்ல பாதி கேன்,” என்றார். மணவாளன் கை கூப்பிவிட்டு எழுந்தார். அடுத்த டோக்கனுக்கு உள்ளே போன அம்மாளின் முழங்கையில் மாவுத் துணியைச் சுற்றியபடி பாய் கேட்பது என் மேஜைவரை கேட்டது: “அம்மா, கொசுவுல கடிக்கிறது ஆணா பெண்ணா?” அந்த அம்மாள் “ஆண்தான், சந்தேகமென்ன” என்றார். “யோசிங்க. கட்டு காயட்டும்.”

அன்று சாயங்காலம் நான் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பாயும் கூட வந்தார். சாஸ்திரி ரோடு பஸ் ஸ்டாப் வரை டைரியைப் புரட்டிக்கொண்டே நடந்தார். திருப்பி வாங்க வேண்டியவர்களின் பட்டியல் அது. பெயர்களெல்லாம் அடிக்கப்பட்டிருந்தன.

“ஒரு பேர் மட்டும் பாக்கி இருக்கு மதிம்மா.”

“யாரு? நம்பர் கொடுங்க, நாளைக்கு அடிச்சிடலாம்.”

“உங்க பேருதான்.”

நான் நின்றுவிட்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டு வரவில்லை. வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு நோயாளியாக வந்து, கட்டுப் பிரித்த பிறகு இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். கட்டுப் பிரித்த அன்று பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அதே வார்த்தையைச் சொன்னார். அவர் சொன்ன ஆயிரம் விஷயத்தையும் நான் கிண்டல் செய்திருக்கிறேன், அந்த ஒன்றை மட்டும் அப்படியே நம்பினேன். தண்ணீர்க் குடமானாலும் அரிசிப் பையானாலும் அன்றிலிருந்து இடது கையில்தான் தூக்குவேன், அதுதான் கெட்டிக் கை என்று. வீட்டில்கூட யாரிடமும் இதைச் சொன்னதில்லை. பாய்க்கு எப்படித் தெரிந்ததோ, என் இடது கையில் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கவா?” என்றார். “உங்களுக்கு ஒடிஞ்சுதே அந்த எலும்பு, அது இப்ப எங்க இருக்கு?”

“எங்க இருக்கும்? என் கையிலதான்.”

“யோசிங்க.”

“கட்டு ஒண்ணும் போடலையே. பதில் எப்போ?”

“பஸ் வரட்டும்.”

பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் உட்கார்ந்திருந்ததுபோல நான் அசையாமல் நின்றேன். பஸ் வர ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. அது வந்து நின்ற பிறகுதான் சொன்னார்.

“உங்க கையில இல்லை மதிம்மா. பழைய எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு, புதுசு வந்துக்கிட்டே இருக்கும். ஏறக்குறைய பத்து வருஷத்துல எல்லாம் மாறிடும். ஒடிஞ்சது உங்ககிட்ட இப்ப இல்லவே இல்லை.”

“சின்ன டாக்டர்கிட்ட கேட்டீங்களா?”

“ரெண்டு தடவை.”

பஸ்ஸில் ஏறினேன். வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பையைக் கை மாற்றவில்லை.